தனித்தனியே வாசித்ததை ஒன்றாகக் கோக்கும்போது: மாஷப்பில் தோன்றும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் முறையும்

கேரள–தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் மாசியிலிருந்து சித்திரை வரை, ஒரே இரவில் மேற்கேயிருந்து செண்டை மேளமும் கிழக்கேயிருந்து நாகசுரமும் தவிலும் வயல்வெளியைத் தாண்டி வந்து திண்ணையில் கலக்கும். அந்தக் கலப்பு சில நேரம் காதுக்கு இதமாக இருக்கும், சில நேரம் வெறும் இரைச்சலாக இருக்கும். எது ஏன் பொருந்துகிறது, எது ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விதான் என்னை மாஷப் வேலைக்குள், அதாவது வெவ்வேறு பதிவுகளைச் சேர்த்து ஒரே பாட்டாக்கும் வேலைக்குள், இழுத்து வந்தது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் வெவ்வேறு இடங்களில் வாசித்தவற்றைச் சேர்த்து முற்றிலும் புதிய இசை செய்யலாம் என்பதை, இஸ்ரேலைச் சேர்ந்த இசைக்கலைஞர் குட்டிமான் 2009-ஆம் ஆண்டில் யூடியூப் காணொளித் துண்டுகளைக் கொண்டு செய்து காட்டினார். இன்று கைப்பேசியும் ஆடாசிட்டி போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளும் கையில் இருப்பதால் எல்லைப்புறத்து இளைஞர்கள் பலர் இதில் இறங்குகிறார்கள். ஆனால் முதல் முயற்சியிலேயே ஏதோ ஒரு கோளாறில் சிக்கி, காரணம் புரியாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் செய்த ஒரு வேலையையே முழுவதும் பயன்படுத்துகிறேன். அதில் மூன்று பதிவுகள் இருந்தன: என் அத்தை திண்ணையில் உட்கார்ந்து பாடிய நடவுப் பாட்டு, கோயில் மைதானத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்த பஞ்சாரி மேளம் (செண்டை மேளத்தின் ஒரு வகை), பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் உறவினர் எடுத்த நாகசுரக் காணொளி. கோளாறுகளை எப்போதும் காலம், சுருதி, ஒலியின் தன்மை என்ற வரிசையில் பாருங்கள். காலம் பிசகியிருக்கும்போது சுருதியும் பிசகியதுபோலவே காதில் படும். சுருதி பிசகியிருக்கும்போது ஈக்யூவை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதியை) திருகித் திருகி நேரத்தை வீணாக்குவோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய முடிவு ஒன்று உண்டு. சேர்க்கப்போகும் வாசிப்புகளுள் எது அச்சு, எவை அதற்கு வளைந்து கொடுக்க வேண்டியவை என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பலர் மென்பொருள் சீராகத் தட்டும் கிளிக்கையே அச்சாக வைத்து எல்லோரையும் அதில் கட்டிப்போடுகிறார்கள். என் கருத்தில், மூச்சு விட்டுப் பாடுகிறவர் ஒருவர் இருந்தால் அவரே அச்சு. கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த முடிவைத் தவறாக எடுத்ததன் விளைவாகவே வருகின்றன.

தொடக்கத்தில் ஒன்றாக இருக்கிறது, போகப் போக விலகுகிறது

இதுவே மிகப் பரவலான புகார். உடனே பலர் இரண்டு கருவிகளின் கடிகார வேறுபாட்டைக் குறை சொல்வார்கள். பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் சற்று வேறுபடுவது உண்மைதான். ஆனால் பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்ற அளவில் வேறுபட்டாலும் நிமிடத்துக்கு 3 மில்லிவினாடிதான் விலகும். நான்கு நிமிடப் பாட்டில் அது 12 மில்லிவினாடி. இரண்டு அடிகள் 30 மில்லிவினாடியை நெருங்கி விலகும்போதுதான் காதுக்கு இரட்டையாகப் பிரியத் தொடங்கும் என்பதால், குறும்பாட்டில் கேட்கும் விலகலுக்குக் கடிகாரம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

பாட்டின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களில் விலகலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விலகல் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் நீங்கள் கொடுத்த பிபிஎம் எண் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு) தவறு. மென்பொருள் 72 என்று காட்டும், உண்மையில் பாடியவர் 72.5-இல் பாடியிருப்பார். 72-இல் ஓர் அடிக்கு 833.3 மில்லிவினாடி, 72.5-இல் 827.6 மில்லிவினாடி. அடிக்கு ஆறு மில்லிவினாடிகூட இல்லாத இந்த வேறுபாடு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 0.41 வினாடியாகச் சேர்ந்து, அரை அடி தள்ளிப் போய்விடும். மென்பொருளின் ஊகத்தை நம்பாமல், நீங்களே தாளம் போட்டு 64 அடிகளை எண்ணி, முதல் அடிக்கும் 65-ஆம் அடிக்கும் இடைப்பட்ட நேரத்தை 64-ஆல் வகுத்தால் ஓர் அடியின் நேரம் கிடைக்கும்; 60 வினாடியை அதனால் வகுத்தால் சரியான பிபிஎம் எண் கிடைக்கும்.

விலகல் ஒருமுறை கூடி, ஒருமுறை குறைந்து, பின் மறுபுறம் போனால், அது பிழையே அல்ல. மனிதர் வாசித்தால் காலப்பிரமாணம் அப்படித்தான் உயிரோடு அசையும். பஞ்சாரி மேளத்தில் ஒவ்வொரு காலத்துக்குள்ளும் (மேளத்தின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும்) வேகம் படிப்படியாக ஏறுவதுதான் அதன் இலக்கணம். அதற்கு ஒற்றை பிபிஎம் தேடுவது ஆற்றுக்கு ஒரே ஆழம் தேடுவது போன்றது. இந்த நிலையில் அச்சாகக் கொண்ட பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) முதல் அடியிலும் அடையாளம் இடுங்கள். ஆடாசிட்டியில் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் விசையையும் எம் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் குறிச்சீட்டு விழும். பிறகு மற்றப் பதிவை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக வெட்டி அந்தக் குறிகளில் கொண்டுபோய் அமர்த்துங்கள். பொறுமை வேண்டிய வேலை. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு முழு மாலை போகும். ஆனால் இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விலகல் படிப்படியாக வராமல் ஓரிடத்தில் திடீரெனத் தாவினால், மூலக் காணொளியைச் சந்தேகியுங்கள். கைப்பேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் (வினாடிக்கு எத்தனை படம் என்பது மாறிக்கொண்டே இருக்கும்படி) படம் எடுக்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சரியாகக் கையாளுவதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு மீண்டும் இறக்கிப் பாருங்கள்.

அடிகள் எல்லாம் கச்சிதமாக விழுகின்றன, ஆனாலும் பாட்டு தலைகீழாகக் கேட்கிறது

அலைவடிவத்தைப் பார்த்தால் ஒவ்வோர் அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும். காது மட்டும் ஏற்க மறுக்கும். சமம் (தாளச் சுற்றின் தொடக்க அடி) எது என்று தவறாக எடுத்துக்கொண்டதே காரணம். மென்பொருள் உரத்த அடியைத் தேடி அதை ஒன்றாம் எண்ணாகக் கொள்ளும். நம் இசையில் பாட்டின் எடுப்பு பல நேரங்களில் சமத்தில் இருக்காது. அரை இடத்திலோ ஒன்றரை இடத்திலோ தொடங்கும். அத்தையின் நடவுப் பாட்டிலும் முதற்சொல் தாளத்துக்கு அரை இடம் தள்ளியே விழுந்தது, ஏனென்றால் நடவின்போது முதல் அடியில் கை நாற்றை ஊன்றும், வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். அவர் பாடும்போது தொடையில் தட்டிய ஓசை பதிவில் மெலிதாக இருந்திராவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

சமத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லைப் பின்தொடராதீர்கள், காலத்தைக் காப்பவரைப் பின்தொடருங்கள். நாகசுரக் கச்சேரியில் அது தாளக்காரரின் ஜால்ரா. செண்டை மேளத்தில் முன்வரிசையில் இடந்தலையில் (செண்டையின் கூர்மையான ஒலி தரும் முகத்தில்) பொழியும் அடிகளை விட்டுவிட்டு, பின்வரிசையில் வலந்தலையில் (ஆழ்ந்த ஒலி தரும் மறுமுகத்தில்) காலம் தாங்குகிறவர்களையும் இலத்தாளத்தையும் (வெண்கலத் தாளத்தையும்) கேளுங்கள்.

இரண்டு தாளங்கள் அவ்வப்போது சந்தித்துப் பிரிந்துவிடுகின்றன

நாகசுரத்தில் வாசிக்கப்பட்டது ஆதி தாளம், சுற்றுக்கு எட்டு. பஞ்சாரி ஆறின் மடங்கில் நடப்பது. இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்தாலும் ஒன்று முடியும்போது மற்றது நடுவில் நிற்கும். இங்கே வெட்டி ஒட்டுவதைவிடக் கணக்குப் பார்ப்பதே பயன் தரும், பார்க்கத் தெரிந்துவிட்டால் பெரிய மகிழ்ச்சியும் தரும்.

பஞ்சாரியின் ஐந்து காலங்களும் முறையே 96, 48, 24, 12, 6 அட்சரங்கள் (தாள எண்ணிக்கைகள்) கொண்டவை. ஓர் அட்சரத்தை ஆதி தாளத்தின் ஓர் எண்ணிக்கையாகக் கொண்டால், முதல் காலத்தின் ஒரு சுற்றில் 12 ஆவர்த்தனம் மிச்சமின்றி அடங்கும். இரண்டாம் காலத்தில் 6, மூன்றாம் காலத்தில் 3. நான்காம் காலத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது: 12-இல் எட்டு ஒன்றரை முறைதான் போகும். அங்கே இரண்டு சுற்றுகளைச் சேர்த்து மூன்று ஆவர்த்தனத்துக்கு வைக்க வேண்டும். ஐந்தாம் காலத்தில் நான்கு சுற்றுகள் மூன்று ஆவர்த்தனத்துக்குச் சரியாகும். ஆகவே ஆதி தாளப் பாட்டோடு பஞ்சாரியைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு நான் மூன்றாம் காலத்தையே பரிந்துரைக்கிறேன். சுற்று கைக்கு அடக்கமாக இருக்கும். நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஒரு சுற்று சரியாக 20 வினாடி. கலாசம் (சுற்றை முடிக்கும் கொட்டு) வரும் இடத்தில் ஆதி தாளத்தின் மூன்றாம் ஆவர்த்தனமும் முடிந்து, இரண்டும் சேர்ந்தே சமத்துக்கு வரும்.

குரல் குழைகிறது, அடிகள் தேய்ந்து ஒலிக்கின்றன

வேகத்தை மட்டும் மாற்றிச் சுருதியை மாற்றாமல் வைக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. அது ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, சிலவற்றை மீண்டும் ஒலிக்கச் செய்தோ சிலவற்றை விட்டோ நேரத்தை நீட்டுகிறது அல்லது சுருக்குகிறது. ஓரளவுக்கு மேல் போனால் குரல் உலோகக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலாகும். மேளத்தின் கூர்மையான அடி பஞ்சில் அடித்ததுபோல் மழுங்கும். நான் குரலுக்கு 5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

முதல் முயற்சியில் அந்த எல்லையை நான் மதிக்கவில்லை. மேளம் 84-இல் இருந்தது, அத்தை 72-இல் பாடியிருந்தார். மேளத்தின் மீதிருந்த ஆசையால் அத்தையின் குரலை 17 விழுக்காடு விரைவுபடுத்திவிட்டு, அவருக்கே போட்டுக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “ஏங்கண்ணு, நான் நாத்து நட்டுக்கிட்டுப் பாடுனேன். நீ என்னை ஓடிக்கிட்டுப் பாட வெச்சிருக்கியே” என்றார். அதைவிடத் துல்லியமாக அந்தப் பிழையை யாராலும் சொல்லியிருக்க முடியாது. நடவுப் பாட்டின் வேகம் குனிந்து, ஊன்றி, ஓரடி பின்வைக்கும் உடலின் வேகம். அதை மாற்றினால் பாட்டின் பொருளே மாறிவிடுகிறது.

தீர்வு பதிவுக்குள்ளேயே இருந்தது. மேளத்தின் அதே மூன்றாம் காலத்தில் இன்னும் முன்னே போனால், வேகம் ஏறுவதற்கு முன் 75-இல் கொட்டிய பகுதி கிடைத்தது. 75-ஐ 72-க்குக் கொண்டுவர 4 விழுக்காடு குறைத்தால் போதும். அதையும் நீட்டும் வசதியால் செய்யாமல், சுற்றை அடி அடியாக வெட்டி ஒவ்வொன்றையும் சிறிது தள்ளி வைத்தேன். மேள அடியை நீட்டக் கூடாது, நகர்த்த வேண்டும். இடையே விழும் மிகச் சிறு இடைவெளியை அடுத்த அடி மறைத்துவிடும். அத்தையின் குரலில் கைவைக்கவே இல்லை.

ஒரு பதிவு முழுவதும் ஒன்றரை அரைச்சுரம் போல ஏறியோ இறங்கியோ ஒலிக்கிறது

பாடியவர் சுருதி விலகினார் என்று நினைக்கும் முன் சாம்பிள் ரேட்டை (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்ற எண்ணை) பாருங்கள். இசைக் குறுந்தட்டுகளின் (சிடி) வழக்கம் 44.1 கிலோஹெர்ட்ஸ், காணொளிகளின் வழக்கம் 48 கிலோஹெர்ட்ஸ். 44.1-இல் பதிவானதை ஏதோ ஒரு மென்பொருள் 48 என்று தவறாக எடுத்துக்கொண்டு ஓட்டினால் சுருதி 147 சென்ட் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) ஏறிவிடும், அதாவது ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம். கூடவே நீளமும் குறையும்: 10 நிமிடப் பதிவு 9 நிமிடம் 11 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் நீளமும் சேர்ந்தே மாறியிருந்தால் காரணம் இதுதான். மூலக் கோப்பின் சரியான ரேட்டைக் குறிப்பிட்டு மீண்டும் இறக்கினால் சரியாகிவிடும். பிட்ச் மாற்றும் வசதியால் இதைச் சரிசெய்ய முயன்றால் நீளம் தவறாகவே நிற்கும்.

சுருதி சேர்ந்ததுபோல் இருக்கிறது, ஆனால் புளிக்கிறது

இரண்டு ஆதார சட்சங்கள் மிக நெருங்கி, ஒன்றாகாமல் நிற்கும்போது ஒலி எழுந்து தாழ்ந்து அலைபாயும். பள்ளி இயற்பியலில் விம்மல்கள் என்று படித்தது இதுவே. ஒன்று 220 ஹெர்ட்ஸ், மற்றது 223 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு மூன்று விம்மல் கேட்கும். வேறுபாடு 23 சென்ட்தான், ஆனால் நீண்ட சுரத்தில் அது பல்லைக் கூசவைக்கும். விம்மல் நிற்கும்வரை ஒரு பதிவை ஐந்து ஐந்து சென்ட்டாக நகர்த்துங்கள், கடைசியில் ஒவ்வொரு சென்ட்டாக. காற்றுக் கருவி வாசிக்க வாசிக்கச் சூடேறிச் சுருதி சற்று உயரும் என்பதால், கச்சேரித் தொடக்கத்தில் அளந்த அளவைக் கச்சேரி இறுதிப் பகுதிக்குப் பயன்படுத்தக் கூடாது. எந்தத் துண்டை எடுக்கிறீர்களோ அந்தத் துண்டிலேயே, ஒத்து (நாகசுரத்துக்கு ஆதாரச் சுருதி தரும் குழல்) அல்லது சுருதிப் பெட்டி தெளிவாகக் கேட்கும் இடத்தில் அளந்துகொள்ளுங்கள். செண்டை மேளத்தை வெறும் தாளம் என்று நினைத்துச் சுருதிக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மேளத்தில் வரும் குழலும் கொம்பும் தமக்கென ஒரு சுருதியைக் கொண்டுவரும். அவை அடங்கியிருக்கும் சுற்றுகளையே பொறுக்கி எடுக்க வேண்டும்.

சட்சம் சேர்ந்த பிறகும் புளிப்பு போகவில்லை என்றால், கீபோர்டு இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டின் அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து 400 சென்ட்டில் இருக்கும். தம்புராவோடு இயல்பாக இழையும் காந்தாரம் 5-க்கு 4 என்ற விகிதத்தில் 386 சென்ட்டில் நிற்கும். இந்த 14 சென்ட் இடைவெளியை எந்த நகர்த்தலும் தீர்க்காது. கீபோர்டு பிடிக்கும் நீண்ட இசைவுகளிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு, சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் விடுங்கள். சுருதியைத் தானே திருத்தும் ஆட்டோடியூனைப் போட்டுப் பாடகரின் காந்தாரத்தை இழுத்து 400-இல் அறைவதை மட்டும் செய்யாதீர்கள். அது கமகத்தை (சுரத்தின் அசைவை) படிக்கட்டாக வெட்டிவிடும். கமகம் போன பிறகு அந்தப் பாடகர் அங்கே இல்லை.

கட்டையே வேறு, சுருதியை மாற்றினால் குரல் பொம்மைக்குரல் ஆகிறது

நாகசுரம் 2 கட்டையில் (கட்டை என்பது ஆதார சட்சத்தின் உயரம்) இருந்தது, அத்தையின் குரல் 6 கட்டையில். இரண்டையும் ஒரே கட்டைக்குக் கொண்டுவர ஏழு அரைச்சுரம் ஏற்ற வேண்டும், அல்லது ஐந்து இறக்க வேண்டும். இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் போனாலே குரலின் வடிவம் சிதையும்.

இங்கே நம் முன்னோர் வைத்துவிட்டுப் போன கிரகபேதம் (ராகத்தின் வேறொரு சுரத்தைச் சட்சமாகக் கொள்வது) கைகொடுக்கிறது. நாகசுரத்தில் வாசிக்கப்பட்டது மோகனம். அத்தையின் பாட்டுக்கு ராகப் பெயர் கிடையாது, ஆனால் அதன் ஐந்து சுரங்களும் சுத்த சாவேரியின் சுரங்கள். மோகனத்தின் பஞ்சமத்தைச் சட்சமாகக் கொண்டால் கிடைப்பது சுத்த சாவேரி. 2 கட்டையின் பஞ்சமம் 6 கட்டை. அதாவது இருவரும் ஒரே ஐந்து சுரத்தானங்களில்தான் இருந்தார்கள், ஒருவருடைய வீட்டு வாசல் மற்றவருடைய வீட்டு நடுமுற்றமாக இருந்தது, அவ்வளவுதான். எதையும் ஏற்றவோ இறக்கவோ வேண்டியிருக்கவில்லை. சுருதிப் பெட்டியில் 6 கட்டையையும் 2 கட்டையையும் சேர்த்து வைத்தேன்: அத்தைக்கு அது மத்திம சுருதி, நாகசுரத்துக்கு அதுவே பஞ்சம சுருதி. அத்தை பாடும்போது 6 கட்டையை முன்னே கொண்டுவந்தும், நாகசுரம் நுழையும்போது 2 கட்டையை உயர்த்தியும் விட்டால், கேட்பவர் உணராமலே வீடு மாறுவார்.

மோகனத்துக்கு இப்படி மத்தியமாவதி, இந்தோளம், சுத்த தன்யாசி என்று இன்னும் மூன்று உறவுகள் உண்டு: முறையே ரிஷபம், காந்தாரம், தைவதத்தைச் சட்சமாகக் கொண்டால் அவை வரும். சுருதியை மாற்றும் பொத்தானைத் தொடுவதற்கு முன் இந்த உறவு இருக்கிறதா என்று பத்து நிமிடம் தேடிப் பாருங்கள்.

இரண்டு வெவ்வேறு ஊர்களில் நின்று பாடுவதுபோலவே கேட்கிறது

காலமும் சுருதியும் சேர்ந்த பின்னும் இது மிஞ்சும். ஒரு பதிவு திண்ணையின் அண்மை, மற்றது மைதானத்தின் விரிவு, மூன்றாவது கல்யாண மண்டபத்தின் எதிரொலி. அருகில் எடுத்த பதிவுக்குச் சிறிது ரிவர்ப் (எதிரொலி விளைவு) கொடுத்துப் பின்னே தள்ளலாம். தொலைவில் எடுத்ததை முன்னே இழுக்க வழி இல்லை. ஆகையால் தொலைவான பதிவின் இடத்தையே எல்லோருக்கும் பொது இடமாகக் கொள்ளுங்கள். மூன்று தடங்களுக்கும் தனித்தனி ரிவர்ப் போடாமல் ஒரே ரிவர்ப்பை அளவு மாற்றிப் பகிர்ந்துகொடுங்கள். பின்னணி இரைச்சலை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டாம். துடைத்த தடங்கள் வெற்றிடத்தில் தொங்கும். கோயில் மைதானத்து ஆள் அரவத்தை மெல்லியதாகப் பாட்டு முழுவதும் அடியில் ஓடவிட்டால், மூவரும் ஒரே மண்ணில் நிற்பதுபோலாகும்.

ஆனி, ஆடியில் திண்ணையில் பதிவு செய்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் மோதி அடியில் உறுமும். 6 கட்டைப் பெண்குரலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாட்டு எதுவும் இல்லை என்பதால், குரல் தடத்தில் அதற்குக் கீழே வெட்டிவிடலாம். அதே வெட்டை மேளத்துக்குப் போடாதீர்கள். வலந்தலையின் அழுத்தமே அங்கேதான் இருக்கிறது. காற்று மிகுந்த பதிவைச் சரிசெய்வதைவிட மைக்குக்குப் பஞ்சுறை போட்டு மறுபடி பாடச் சொல்வது நல்லது.

ஒவ்வொரு பேரடிக்கும் பின்னணி முழுவதும் பதுங்கி எழுந்தால், கைப்பேசியின் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு வேலை செய்திருக்கிறது. அலைவடிவத்தின் உச்சி தட்டையாகச் சீவியிருந்தால் மைக் தாங்காமல் உடைந்திருக்கிறது. இரண்டையும் பின்னால் முழுமையாகத் திருத்த இயலாது. வேறு பதிவு தேடுங்கள்.

பிரித்தெடுத்த குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

டெமக்ஸ் போன்ற மென்பொருள்கள் கலந்த பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரித்துத் தருகின்றன. நம் வாத்தியங்கள் இந்த நான்கு பெட்டிகளுக்குள் அடங்குவதில்லை. நான் பார்த்தவரை நாகசுரம் ஒரு சுரத்தில் குரல் பெட்டிக்கும் அடுத்த சுரத்தில் மற்றவை பெட்டிக்கும் தாவுகிறது. தவிலின் வலந்தலை ஓசை ஒரு பங்கு இங்கும் ஒரு பங்கு அங்கும் சிதறுகிறது. முழுவதும் பிரிக்க முயலாமல், தவில் ஓய்ந்திருக்கும் ஆலாபனைப் பகுதியை எடுத்துக்கொள்வதே நான் கண்ட வழி.

கைப்பேசியில் போட்டால் குரல் காணாமல் போகிறது

ஹெட்போனில் நன்றாக இருந்தது ஒற்றை ஸ்பீக்கரில் மெலிந்தால், இடமும் வலமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. குரலை அகலப்படுத்த அதையே நகலெடுத்துச் சிறிது தள்ளி வைத்திருப்பீர்கள். 1 மில்லிவினாடி தள்ளினால், இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸிலும் 1500, 2500 ஹெர்ட்ஸிலும் ஒலி பள்ளமாகிவிடும். நகலை நீக்குங்கள், அவ்வப்போது மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாகக் கலந்த ஒலியில்) மாற்றிக் கேட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள்.

காணொளியில் கோல் விழுந்த பிறகே ஓசை வருகிறது

ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்லும். 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 87 மில்லிவினாடி தாமதம். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் இரண்டு ஃபிரேமுக்குச் சற்று அதிகம். தனியாகப் பார்த்தால் கண் மன்னித்துவிடும். பக்கத்திலேயே அண்மையில் எடுத்த நாகசுரக்காரரின் விரல் ஓடும்போது மன்னிக்காது. மேளத்தின் ஒலியை அந்த அளவு முன்னே நகர்த்துங்கள்.

பதிவேற்றியவுடன் ஒலி முடக்கப்படுகிறது

காணொளித் தளங்கள் வணிகப் பதிவுகளைத் தாமாகவே அடையாளம் கண்டுகொள்கின்றன. சுருதியையோ வேகத்தையோ மாற்றி ஒளிக்க முயல்வது சரியான வழி அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டும், நிகழ்த்துநர் உரிமைக்கு 50 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், தம் நிகழ்ச்சியில் தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமையையும் நிகழ்த்துநருக்குத் தந்தது. கோயில் மைதானத்தில் நாமே பதிவு செய்தோம் என்பதால் வாசிப்பு நம்முடையது ஆகிவிடாது. எல்லைப்புறத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: வாசித்தவர் பெரும்பாலும் பேருந்து தூரத்தில் இருக்கிறார், போய்க் கேட்கலாம். நான் மேளத் தலைவரான ஆசானிடம் போய்க் கேட்டபோது, “எடுத்துக்கோ மோனே, கலாசத்தை மட்டும் பாதியில வெட்டிடாதே” என்றார். அது அனுமதி மட்டுமன்று, நல்ல இசைப் பாடமும்கூட. கீழே சொல்லப்போகும் கடைசிக் கோளாற்றுக்கு மருந்து அதிலேயே இருந்தது.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை

காலம் சேர்ந்தது, சுருதி சேர்ந்தது, இடமும் ஒன்றானது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு வானொலிகள் ஓடுவதுபோல் இருக்கும். இந்தக் கோளாற்றை எந்த மீட்டரும் காட்டாது. காரணம், இருவரும் ஓயாமல் பேசுகிறார்கள்; ஒருவர் சொன்னதற்கு மற்றவர் எதுவும் சொல்லவில்லை. உண்மையான கச்சேரியில் பாட்டு நீளும்போது தவில் குறையும், பாட்டு நிற்கும்போது தவில் எழும். நாம் சேர்த்தவர்களுக்கு ஒருவரையொருவர் கேட்கும் வாய்ப்பே இருந்ததில்லை. ஆகவே அவர்களுக்காக நாம் கேட்க வேண்டும், யாரை எங்கே நிறுத்துவது என்று வெட்ட வேண்டும்.

என் பாட்டில் முதலில் மேளம் தொடக்கம் முதல் இறுதி வரை ஓடியது. அதில் பாதியை எடுத்துவிட்டேன். அத்தை பாடும் இடங்களில் காலம் தாங்கும் வலந்தலை அடிகளையும் இலத்தாளத்தையும் மட்டும் மெதுவாக விட்டேன். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் ஆறு அட்சரத்தில், அதாவது 5 வினாடியில், இடந்தலைகளைத் திறந்துவிட்டேன். நாகசுரம் முதல் இரண்டு சுற்றுகளில் வரவே இல்லை. அத்தை பாடிய கடைசிச் சுரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு எழுவதுபோன்ற ஒரு துண்டைத் தேட இரண்டு நாள் ஆயிற்று, கிடைத்ததும் அதை அவருடைய குரல் அடங்குவதற்கு முன்பே நுழைத்தேன். மூன்றாம் சுற்றின் இறுதியில் கலாசத்தை, ஆசான் சொன்னபடி, ஓரடியும் குறைக்காமல் முழுமையாக ஒலிக்கவிட்டு, அதன் பின்னால் ஒரு சுற்று முழுவதற்கும், அந்த 20 வினாடிக்கு, அத்தையின் குரலையும் அவர் தொடையில் தட்டும் ஓசையையும் மட்டும் வைத்தேன்.